ஏப்ரலில் கியூஷு: மழைக்கோட்டு மட்டும் போதுமா?
வணக்கம் நண்பரே. ஏப்ரல் கடைசியில் ஜப்பானின் கியூஷுவில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுத்து அசோ மலைப்பக்கம் போகிறீர்கள், கோலாலம்பூரில் போடும் மழைக்கோட்டே போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. நம் ஊர் மழையில் நனைந்தால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். அங்கே 10 டிகிரியில், 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் உடம்புக்கு அது ஏறக்குறைய 4 டிகிரி. முதலில் விரல்தான் மரத்துப்போகும், பிரேக்கை அழுத்தவே வராது. நீர் புகாத கையுறை ரெண்டு ஜோடி வாங்குங்கள். கைப்பிடி சூடாகும் வண்டியாகக் கேளுங்கள். உள்ளே பருத்தி வேண்டாம், மெல்லிய கம்பளி பனியன் போடுங்கள், ஈரமானாலும் சூடு தாங்கும்.

அப்புறம், ஜேபிஜேவில் (நம் சாலைப் போக்குவரத்துத் துறை) எடுக்கும் அனைத்துலக உரிமத்தில் மோட்டார் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 29-இலிருந்து கோல்டன் வீக் என்ற ஜப்பானியத் தொடர் விடுமுறை, வண்டியை இப்போதே பதிவு செய்யுங்கள்.