கேம் வண்டிக்கு ஸ்கிரிப்ட் எழுதும் பையன்

சங்ககிரியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பையன் பிளஸ் ஒன்னில் கணக்கு-கம்ப்யூட்டர் குரூப், அவன் அப்பாவுக்குச் சொந்த லாரி. ராத்திரி வெகுநேரம் ஜிடிஏ 5 என்ற கம்ப்யூட்டர் கேம் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், திட்டினால் "விளையாடலம்மா, வண்டிய தானா ஓட வைக்கிறேன்" என்கிறான். புது லேப்டாப்பும் கேட்கிறான், இதை நம்பி மேல்படிப்பை முடிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் சொல்வது உண்மையா என்று பார்க்க உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லைங்க.

அந்த கேமில் ரோட்டில் போகும் மற்ற வண்டிகளைக் கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது. எப்படி ஓட்ட வேண்டும் என்பதை ஸ்கிரிப்டில், அதாவது கேமுக்கு நாமே எழுதும் சின்ன புரோகிராமில், ஒரே எண்ணாகக் கொடுக்கலாம். 786603 என்றால் ஒழுங்கான டிரைவர். முன்னால் வண்டி இருந்தால் நிற்க 1, ஆள் இருந்தால் நிற்க 2, சிக்னலில் நிற்க 128 என்று பலதையும் கூட்டி வந்த எண் அது. 128ஐக் கழித்து 786475 கொடுத்தால் அதே டிரைவர் சிவப்பு விளக்கில் நிற்காமல் போவான். "ஏன் 128? 100 வைத்தால் ஆகாதா?" என்று பையனிடம் கேளுங்கள். பைனரி, இரண்டின் அடுக்கு என்று விளக்கினால் புரிந்துதான் செய்கிறான். "அப்படித்தான் போட்டிருந்தாங்க" என்றால் பார்த்து எழுதுகிறான். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஆனால் அதை நம்பி மேல்படிப்பை முடிவு செய்யாதீர்கள்.

அடுத்த கேள்வியை அவன் அப்பாதான் கேட்க வேண்டும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லோடு வண்டி ஓட்டுகிறவர் எதைப் பார்த்து ஸ்டியரிங்கை ஒடிக்கிறார்? ஸ்கிரிப்டிலும் சிக்கலே இதுதான். பாதையில் மிகப் பக்கத்துப் புள்ளியைக் குறிவைத்தால் வண்டி இடமும் வலமும் ஆடும். ரொம்பத் தள்ளி வைத்தால் வளைவை வெட்டிக்கொண்டு போய் இடிக்கும். வேகம் கூடக்கூடப் பார்வை தள்ளிப் போக வேண்டும், பிரேக் வளைவுக்கு முன்பே விழ வேண்டும். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் பக்கவாட்டு முடுக்கத்தை (வளைவில் உடம்பை ஒரு பக்கம் சாய வைப்பது இதுதான்) 3 மீ/வி² அளவில் நிறுத்த வேண்டுமானால் வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர்தான் இருக்கலாம். இந்தக் கணக்குக்கு வேண்டிய வட்ட இயக்கம் பிளஸ் ஒன் இயற்பியலிலேயே வந்துவிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் பையனையும் சேர்த்து உட்கார வையுங்கள். அவனுக்கு இல்லாத டிரைவிங் அறிவு அவரிடம் இருக்கிறது, காசு கொடுத்தாலும் வேறெங்கும் கிடைக்காது.

இந்த வேலைக்கு வெளியில் தேவை இருக்கிறது. டிரைவருக்கு உதவும் மென்பொருளை ரோட்டுக்குக் கொண்டுவரும் முன் சிமுலேட்டரில், அதாவது கம்ப்யூட்டருக்குள் உருவாக்கிய ரோட்டில், ஓட்டித்தான் சோதிக்கிறார்கள். வாகன மென்பொருள் செய்யும் பாஷ் நிறுவனத்தின் பெரிய அலுவலகம் கோயம்புத்தூரிலேயே உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று அடம் வேண்டாம். இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்), இஇஇ (எலக்ட்ரிக்கல்), மெக்கட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் எதிலிருந்தும் இதற்கு வரலாம். லட்சக்கணக்கில் பணம் கேட்கும் தனியார் கேம் டிசைன் கோர்ஸை பிளஸ் டூ முடித்த கையோடு எடுப்பதை நான் சொல்லவே மாட்டேன்.

இன்னொன்று, இதைப் பையனிடம் அழுத்திச் சொல்லுங்கள்: தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட்-ஆஃப் 200ல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் அதில் சேராது. அவன் தொடாமல் வைத்திருக்கும் கெமிஸ்ட்ரி புத்தகம் சேரும்.

அப்புறம், ஜிடிஏ 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கேம். அதன் ஆன்லைன் பகுதியில் மோட் (கேமை மாற்றும் கூடுதல் புரோகிராம்) போட்டால் கேம் அக்கவுண்டையே முடக்கிவிடுவார்கள், கண்ட தளங்களில் இறக்கும் மோடோடு வைரஸும் வரும். அதனால் பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் தானே ஒரு வளைந்த பாதை வரைந்து, அதில் ஒரு சின்னப் பெட்டியை ஓட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன சிக்கல் எல்லாம் அதிலும் அப்படியே வரும். கார்லா என்ற இலவச சிமுலேட்டரைப் பற்றியும் சொல்வான். அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்பது நிஜம்தான். அவன் கேட்கும் புது லேப்டாப்பை இப்போது வாங்க வேண்டாம்ங்க. காலேஜில் எந்தத் துறை கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.