ஐ7 என்ற பெயருக்காக 32,000 ரூபாய் கொடுக்காதீர்கள்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: "பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான். கல்லூரிப் படிப்புக்கும் ஆகும், வேலோரன்ட் விளையாடவும் ஆகும் என்று கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான். மானிட்டர் வீட்டில் இருக்கிறது. சம்பா நெல் போட்ட பணத்தில் 45,000 எடுத்து வைத்திருக்கிறேன். தெரிந்த தம்பி ஒருவர் ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் லைட் எரியும் கேபினட் எல்லாம் சேர்த்து 32,000-க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள் ஐயா. அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள்.

ஐ7 என்ற இன்டெல் பிராசசர் பெயர் 2008-லிருந்து இருக்கிறது. இந்த விலைக்கு வருவது பெரும்பாலும் ஐ7-3770 மாதிரி 2012-ல் வந்த சிப்தான். ஆபீஸ்களில் கழித்துப்போட்ட பெட்டியிலிருந்து கழற்றி, பெயர் தெரியாத புது மதர்போர்டில் மாட்டியிருப்பார்கள். ஐ7-க்குப் பிறகு வரும் எண்ணைக் கேளுங்கள். நாலு இலக்கம் என்றால் முதல் இலக்கம் தலைமுறை. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பழைய சிப்பில் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றிக் காட்டுவார்கள், திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இல்லாமல் வேலோரன்ட் ஓடாது. பையன் எதற்காகக் கேட்டானோ அதுவே நடக்காது.

4 ஜிபி கிராபிக்ஸ் என்பதும் அப்படித்தான். பத்தாயம் பெரிதாக இருந்தால் வயலில் விளைச்சல் கூடிவிடுமா? அந்த 4 ஜிபி வெறும் இடம், வேகம் இல்லை. கார்டின் பெயர் ஜிடி 730 என்று வந்தால் அது 2014-ல் வந்தது, அன்றைக்கே விளையாட்டுக்கான கார்டு இல்லை. பழைய பெரிய கார்டு சல்லிசாக வருகிறது என்றாலும் தொடாதீர்கள். கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகளைக் கழுவித் துடைத்து விற்பது இன்னும் நிற்கவில்லை.

உங்கள் 45,000-க்கு நான் சொல்வது ரைசன் 5 5600ஜி என்ற பிராசசர். கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருப்பதால் தனிக் கார்டு வேண்டாம். செட்டிங்கைக் குறைத்து வைத்தால் வேலோரன்ட் நன்றாகவே ஓடும். போர்டு பி450 அல்லது பி550, ஃபைல்களைச் சேமிக்க 500 ஜிபி எஸ்எஸ்டி. ராம் மட்டும் 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் இந்த ராமைத்தான் பயன்படுத்துகிறது, இரண்டு குச்சி போட்டால் விளையாட்டில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது, அதனால் வாங்கும் அன்று இரண்டு மூன்று கடையில் விசாரியுங்கள். தனிக் கார்டு அடுத்த அறுவடைக்குப் பார்க்கலாம்.

பழைய பாகம் எதுவும் வேண்டாம். ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு, அது பிராசசர். போர்டு போகும், எஸ்எஸ்டி தேயும், பிராசசர் லேசில் கெடாது. 5600ஜி தெரிந்தவர் கையிலிருந்து வந்தால் வாங்கலாம். ஆனால் இந்த வகை சிப்புக்கு ஊசிகள் சிப்பின் அடியில்தான் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாகப் பாருங்கள். ஒரு ஊசி சாய்ந்திருந்தாலும் வேண்டாம். பிளேடால் நிமிர்த்தித் தருகிறேன் என்பார்கள், நிமிர்த்தும்போதுதான் ஒடியும். ஊசி நேராக இருந்தாலும் போர்டில் மாட்டி, படம் வந்த பிறகே பணம்.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி. இதற்கு மட்டும் நாலாயிரம் ரூபாய் பக்கம் தனியாக எடுத்து வையுங்கள். கேபினட்டோடு சும்மா வருவதை மாட்டவே மாட்டாதீர்கள். போன மாதம் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. போர்டு கருகிப்போயிருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக் கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி கனமே இல்லை. மேலே 500 வாட் என்று ஸ்டிக்கர். திறந்தால், மின்சாரத்தை வடிகட்டும் காயில்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டை வைத்து ஈயம் பற்றவைத்திருந்தார்கள். கெப்பாசிட்டர் தலை புடைத்து நின்றது. அதோடு ஒரு குடும்பத்தின் முப்பதாயிரம் போயிற்று.

நம் பக்கத்தில் பம்ப்செட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். எஸ்எம்பிஎஸ் லேபிளில் இன்புட் என்ற வரியைப் படியுங்கள். 200-240 என்று இருந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 100-240 என்று இருக்க வேண்டும். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்சிக்கன முத்திரையோடு 550 வாட் போதும், பிறகு கார்டு போட்டாலும் தாங்கும்.

பில்லில் "கம்ப்யூட்டர் செட் - 1" என்று எழுத விடாதீர்கள். ஒவ்வொரு பாகமும் பெயரோடும் சீரியல் எண்ணோடும் வர வேண்டும். "பில் வேண்டும் என்றால் 18 சதவீதம் கூடும்" என்பது இந்தத் தொழிலில் சர்வசாதாரணமாகிவிட்டது. பில் இல்லை என்றால் வாரண்டியும் இல்லை. பில் இருந்தாலே பாடுதான். மன்னார்குடியில் வாங்கிய ராமுக்குத் திருச்சிக்கும் சென்னைக்கும் அலையவிடுகிறார்கள். அனுப்பினால் பெட்டி எங்கே, ஸ்டிக்கர் ஏன் கிழிந்தது என்று கேள்வி. மாவட்டத்துக்கு ஒரு இடத்தில் பழுதான பாகத்தை வாங்கிக்கொள்ள இந்தக் கம்பெனிகளுக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதனால் பெட்டிகளை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், காலிப் பெட்டிகளைக் கேட்டு வாங்கிப் பரண்மேல் போடுங்கள்.

அப்புறம், கம்ப்யூட்டர் வரும் முன் வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் பெரும்பாலும் எர்த் இல்லை என்றுதான் அர்த்தம். பிளக்கின் மூன்றாவது பின்னை எவரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் எர்த் குழி காய்ந்துவிடும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பையனிடமே அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள்.