முதலில் திருப்பிப் பாருங்கள்
பழைய உலக வரைபடங்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஏலப் பட்டியல் ஒன்றில் ‘ஓர்ட்டீலியஸ், உலகப் படம், 1570’ என்று ஒரு தாளைப் பார்த்தேன். அது உண்மையான பழைய தாள்தானா, 1570ல் அச்சானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். தாள் பழையதா என்பது ஒன்று. எந்த ஆண்டு அச்சானது என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் தேறிய எத்தனையோ தாள்கள் இரண்டாவதில் தோற்றுப்போகும்.

தாள் கைக்கு வந்ததும் படத்தைப் பார்க்காதீர்கள். திருப்பிப் போடுங்கள். 16ஆம் நூற்றாண்டு வரைபடக்காரர் ஓர்ட்டீலியஸின் உலகப் படம் தனியாக விற்க அச்சடித்ததல்ல, அட்லஸில் ஒரு பக்கமாக வந்தது. அதனால் முதுகில் அச்செழுத்தில் விளக்கவுரை இருக்கும், நடுவில் மடிப்பு இருக்கும். அடுத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். அந்தக் காலத்து ஐரோப்பியத் தாள் கம்பிச் சல்லடையில் வடித்தது. நெருக்கமான மெல்லிய கோடுகளும், இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே ஓடும் கோடுகளும் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் தாள் செய்தவர்கள் தாளுக்குள்ளேயே பதித்த அடையாளமான நீர்க்குறியும் தெரியும். கோடே இல்லாத வழவழப்பான தாள் ஐரோப்பிய அச்சுக்கூடங்களுக்கு வந்தது 1750களில்தான். அப்படிப்பட்ட தாளில் 16ஆம் நூற்றாண்டுப் படம் இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

அப்புறம்தான் முகம். செப்புத் தகட்டில் குழி வெட்டி, குழிக்குள் மை நிரப்பி, ஈரத் தாளை வைத்து உருளையால் அழுத்தி எடுத்த படம் இது. தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். விரலால் தடவினாலே தெரியும். மைக்கோடுகள் தாளுக்கு மேலே லேசாகப் புடைத்து நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் கோடு கோடாகவே இருக்க வேண்டும். புள்ளிகளாக உடைந்தால் அது அச்சு இயந்திர நகல்.

இந்தப் புள்ளிகளை நான் பட்டுத்தான் கற்றேன். நான் முதன்முதலில் வாங்கிய பெரிய படம் ஒரு ‘பிளாவ்’, அதாவது 17ஆம் நூற்றாண்டு டச்சு வரைபடக்காரர் பிளாவின் உலகப் படம். மேலே ஏழு கோள்கள், கீழே உலகின் ஏழு அதிசயங்கள், இடப்பக்கம் நிலம், நீர், தீ, காற்று என்ற நான்கு பூதங்கள், வலப்பக்கம் நான்கு பருவங்கள் என்று சுற்றிலும் சித்திரம் போட்ட அந்தப் புகழ்பெற்ற படம். வீட்டுக்கு வந்து லென்ஸை வைத்தால், வசந்தகாலப் பெண்ணின் கன்னம் முழுக்கப் புள்ளி. மடிப்பும் போலி, பழுப்பும் ஏதோ சாயம். விற்றவர் பேச மறுத்துவிட்டார். பல நாள் தூக்கம் வரவில்லை. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். சேகரிக்கத் தொடங்குகிற யார் வந்தாலும் உண்மையான பிளாவின் பக்கத்தில் அதை வைத்து லென்ஸைக் கையில் கொடுப்பேன். ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும்.

சரி, ஆண்டு. ஓர்ட்டீலியஸின் அட்லஸ் 1570 மே 20 அன்று ஆன்ட்வெர்ப் நகரில் வெளியானது. மொத்தம் 53 படத் தாள்கள். அதற்கான உலகப் படத்தை ஃபிரான்ஸ் ஹோகன்பெர்க் செப்பில் வெட்டினார். அட்லஸுக்கு வாசகர்கள் பெருகப் பெருக மறுபடி மறுபடி அச்சடித்தார்கள். தகடு தேய்ந்தது, கீழ் இடது மூலையில் விரிசலும் விட்டது. விரிசலுக்குப் பிறகு அடித்த தாள்களில் அந்த மூலையில், படத்தின் ஓரமாகச் சுற்றிலும் வரைந்த மேகங்களின் குறுக்கே ஒரு கோடு ஓடுவதைப் பார்க்கலாம். 1580களில் அதே மேக ஓரத்தோடு இரண்டாவது தகடு வெட்டினார்கள். அடுத்து மூன்றாவது தகடு வந்தது. அதில் மேகங்கள் போய்ச் சித்திர வேலைப்பாடு வந்தது, நான்கு மூலையிலும் வட்டங்களுக்குள் பழைய ஞானிகளின் வாசகங்கள் வந்தன. தென் அமெரிக்காவின் தென்மேற்குக் கரையில் முதல் இரண்டு தகடுகளிலும் துருத்திக்கொண்டிருந்த புடைப்பும் இதில் காணாமல் போனது. இந்த மூன்றாம் தகட்டில் 1587 என்ற ஆண்டு இருக்கிறது. ஆனால் அந்தத் தகட்டை 17ஆம் நூற்றாண்டிலும் அச்சடித்தார்கள். படத்தில் இருப்பது தகட்டின் ஆண்டு, தாளின் ஆண்டு அல்ல. இதை மறக்கவே கூடாது.

இங்கேதான் முதுகு மறுபடி உதவுகிறது. லத்தீனில் 1570, டச்சில் 1571, ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் 1572, ஸ்பானிஷில் 1588, ஆங்கிலத்தில் 1606 என்று ஒவ்வொரு மொழிப் பதிப்பும் ஒவ்வொரு காலத்தில் தொடங்கியது. முதுகில் ஸ்பானிஷ் இருந்தால் அது 1570 ஆக வழியே இல்லை. உங்கள் பட்டியலில் முதுகின் படம் போடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இந்தப் படங்களில் பாதி தவறு. தவறான வரைபடத்தை ஆசை ஆசையாக ஏன் சேர்க்கிறீர்கள்?

அந்தத் தவறுகளுக்காகவும்தான்.

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர்ட்டீலியஸ் 1570ல் அதை நிலத்தோடு ஒட்டிய தீபகற்பமாகச் சரியாகவே காட்டினார். ஐம்பது ஆண்டு கழித்து, 1620களில், அது தீவாகிவிட்டது! ஜான் ஸ்பீடின் உலகப் படத்தில் தீவு. ஹென்ரிகஸ் ஹோண்டியஸ் 1630ல் வெளியிட்ட படத்திலும் தீவு. இத்தனைக்கும் அதே ஹோண்டியஸ் படத்தில்தான் ஆஸ்திரேலியாவின் வட கரைத் துண்டு ஒன்று, டச்சுக் கப்பல்கள் கண்டுவந்தபடி, இடம் பிடிக்கிறது. ஒரே தாளில் புது அறிவும் புது அறியாமையும் அக்கம்பக்கம். யூசேபியோ கீனோ என்ற பாதிரியார் 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலவழியாகவே பயணம் செய்து அது தீவல்ல என்று காட்டினார். அதற்குப் பிறகும் தீவு போகவில்லை. 1747ல் ஸ்பெயின் மன்னர் ஆணை போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் கலிபோர்னியாவைத் தீவாகக் காட்டும் படங்கள் மட்டுமே எழுநூறுக்கும் மேல் இருக்கின்றன. அத்தனையும் ஒரே மனிதர் சேகரித்தவை. அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை. ஒரு தவறை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தால் மனிதர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எப்படி நகலெடுத்தார்கள் என்று தெரிந்துவிடும்.

வண்ணம் தீட்டிய படம் நல்லதா, கறுப்பு வெள்ளை நல்லதா?

அந்தக் காலத்தில் வண்ணத்தை அச்சில் கொண்டுவரவில்லை, கையால்தான் தீட்டினார்கள். அது தனித் தொழில். ஓர்ட்டீலியஸே 1547ல் ஆன்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தில் வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டுபவராகத்தான் பதிவு செய்துகொண்டார். பிற்காலத்தில் உலகத்தையே ஒரு புத்தகத்துக்குள் அடக்கியவர் தூரிகையோடு தொழிலுக்கு வந்தவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

கேள்வி, வண்ணம் பழையதா புதியதா என்பதுதான். பச்சையைப் பாருங்கள். அன்றைய பச்சை செம்பிலிருந்து எடுத்த களிம்பு. நாளாக ஆக அது தாளைத் தின்னும். என்னிடம் உள்ள ஒரு தாளில் காடுகளும் கடலோரங்களும் முன்பக்கம் இன்னும் பச்சைதான். திருப்பினால் அதே இடங்களில் அதே வடிவத்தில் பழுப்பு நிழல், முதுகிலும் ஒரு வரைபடம் இருப்பதைப் போல. ஓரிடத்தில் பச்சைக் கோட்டை ஒட்டியே தாள் கிழிந்திருக்கிறது. முதுகில் இப்படித் தடம் விட்டிருந்தால் பழைய வண்ணத்துக்கு அது நல்ல அறிகுறி. பச்சை பளபளவென்று இருந்து முதுகு சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் பின்னால் யாரோ தீட்டியது. அதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை, சொல்லாமல் விற்றால் ஏமாற்று. என் விருப்பத்தைக் கேட்டால், வண்ணமே இல்லாத கூர்மையான முதல் அச்சுக்குத்தான் என் ஓட்டு.

நியூரம்பர்க் உலகப் படம் ஒன்றைப் பார்த்தேன். நடுவில் எழுத்துகள் காணவில்லை. குறைபாடா?

இல்லை. அது 1493ல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் வெளியான ஹார்ட்மன் ஷெடலின் உலக வரலாற்று நூலில் இரண்டு பக்கங்களில் விரிந்து வந்த மரக்கட்டை அச்சு. தையலுக்குள் போன நடுப்பகுதி பெரும்பாலும் தேய்ந்தோ ஒட்டுப்போட்டோ இருக்கும். நடுவில் ஒரு கீறல்கூட இல்லாத தாள் கிடைத்தால்தான் நான் சந்தேகப்படுவேன். மூலைகளில் நோவாவின் மூன்று மகன்களும், இடது ஓரத்தில் ஆறு கை மனிதன் முதலான ஏழு விசித்திர உருவங்களும் இருக்கிறார்களா என்று பாருங்கள். முதுகில் இன்னும் பதினான்கு பேர் இருக்க வேண்டும். கொலம்பஸ் திரும்பி வந்த அதே ஆண்டில் வெளியான நூல், ஆனால் படத்தில் அமெரிக்கா கிடையாது.

பழைய அட்லஸ்களைப் பிரித்துத் தாள் தாளாக விற்பது பாவம் இல்லையா? வாங்குகிற நீங்களும் அதற்குத் துணைபோகிறீர்களே?

இந்தக் கேள்வி சுடுகிறது. சுட வேண்டும்.

இன்று சந்தையில் இருக்கும் தாள்கள் பெரும்பாலும் எப்போதோ பிரிந்தவை. அவற்றை வாங்கிக் காப்பாற்றுவதில் எனக்குத் தயக்கமில்லை. முழு அட்லஸை இன்று பிரிப்பவரிடம் வாங்க மாட்டேன், அது நான் எனக்குப் போட்டுக்கொண்ட விதி.

பிரிப்பதைவிட மோசமானது திருட்டு. ஃபோர்ப்ஸ் ஸ்மைலி என்ற அமெரிக்க வரைபட வியாபாரி, நூலகர்கள் பலருக்குத் தெரிந்தவர், நம்பிக்கைக்குரியவர். 2005ல் யேல் பல்கலைக்கழக அரிய நூலகத்தில் தரையில் கிடந்த ஒரு சின்னக் கத்தி அலகை ஊழியர் ஒருவர் கவனித்ததால் பிடிபட்டார். 97 வரைபடங்களைத் திருடியதாக ஒப்புக்கொண்டார், மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். வாங்கியவர்களில் எத்தனையோ பேர் நல்ல மனிதர்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கேளுங்கள். முன்பு யாரிடம் இருந்தது, ரசீது உண்டா? தாளின் ஓரம் புதிதாக வெட்டியதா? நூலக முத்திரை இருந்த இடத்தைச் சுரண்டிய தடம் இருக்கிறதா? ராமபாணப் பூச்சி போட்ட துளைகளையும் அலட்சியம் செய்யாதீர்கள். பூச்சி ஒரு பக்கத்தோடு நிற்காது, அடுத்தடுத்த பக்கங்களையும் துளைத்துக்கொண்டு போகும். காணாமல்போன தாள் எந்தப் புத்தகத்தைச் சேர்ந்தது என்று அந்தத் துளைகளை வைத்தே பொருத்திப் பார்க்கலாம்.

ஃப்ரேம் போடலாமா? லேமினேஷன் செய்யலாமா?

லேமினேஷன் கூடவே கூடாது. செல்லோடேப்பும் கூடாது, அதன் பசை மஞ்சளாக இறங்கினால் எடுப்பது பெரும்பாடு. அமிலமில்லாத அட்டையில், மாவுப் பசையும் ஜப்பானியத் தாளும் கொண்டு மேல் விளிம்பில் மட்டும் தொங்கவிட்டு ஃப்ரேம் போடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. வெயில் விழும் சுவர் வேண்டாம்.

நான் பள்ளி மாணவி. வாங்க வசதியில்லை. இருந்தாலும் இதில் இறங்க ஆசை. எங்கே தொடங்கட்டும்?

உன் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன் அம்மா, கடைசியாகப் பதில் எழுதுகிறேன்.

அமெரிக்கா என்ற பெயரை முதன்முதலில் தாங்கிய 1507ஆம் ஆண்டு வால்ட்ஸீமுல்லர் படம், பன்னிரண்டு தாள்களும் சேர்த்து, உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதை ஒரு கோடி டாலருக்கு வாங்கியது. அதன் தெளிவான படத்தை அந்த நூலகத்தின் இணையதளத்தில் நீ இலவசமாகவே பார்க்கலாம். இணையத்தில் உள்ள டேவிட் ரம்ஸி வரைபடத் தொகுப்பிலும் ஆயிரக்கணக்கான பழைய படங்கள் இருக்கின்றன. பார்ப்பதைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள். பிற்காலத்தில் கையில் கொஞ்சம் சேர்ந்தால், ஃபிலிப் காலே 1577ல் தொடங்கிய உள்ளங்கை அளவு அட்லஸ்களிலிருந்து ஒரு சின்னத் தாள் வாங்கலாம். அவசரமில்லை.

இப்போதைக்கு ஒரு வேலை தருகிறேன். ஓர்ட்டீலியஸ் உலகப் படங்கள் இரண்டைத் தேடி எடு. ஒன்றில் மேக ஓரம், இன்னொன்றில் நான்கு மூலைகளிலும் வட்டங்கள் இருக்க வேண்டும். தென் அமெரிக்காவின் தென்மேற்குக் கரையை இரண்டிலும் பெரிதாக்கிப் பார். அந்தப் புடைப்பு தவிர வேறு என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்று பட்டியல் போட்டு எனக்கு எழுது. பசிபிக்கில் சாலமன் தீவுகள் எந்தப் படத்தில் இருக்கின்றன என்பதையும் சேர்த்து எழுது.