வீட்டுக் கொல்லையில் மேப்பிள் சிரப் காய்ச்ச நாமே அடுப்பு கட்டிக்கொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் பாகுதான் மேப்பிள் சிரப். கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் உங்கள் வீட்டில் நான்கு சுகர் மேப்பிள் மரங்கள் இருக்கின்றன, கடையில் விற்கும் காய்ச்சும் அடுப்போ ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு மரத்துக்கு அந்தப் பணம் வீண். நான் இருப்பதும் ஒன்டாரியோதான். எங்கள் கொல்லையில் மார்ச் மாதமானால் ஹாலோ பிளாக் அடுப்புதான் எரியும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுங்கள். பதநீரில் பத்து சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருக்கும். மேப்பிள் சாற்றில் இருப்பது சுமார் 2 சதவீதம்தான். வாயில் வைத்தால் தண்ணீர் போலத்தான் இருக்கும், கடைசியில் லேசாக ஒரு இனிப்பு தட்டும். அதனால் 40 லிட்டர் சாறு காய்ச்சினால் 1 லிட்டர் சிரப். சாறு இறக்க மரத்தில் துளை போடுவோம். நல்ல பருவத்தில் ஒரு துளைக்கு ஏறக்குறைய அந்த 40 லிட்டர் கிடைக்கும். ஆக, ஒரு துளைக்கு ஒரு லிட்டர் சிரப் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25, 30 செ.மீ. விட்டமாவது இல்லாத மரத்தில் துளை போடாதீர்கள்.

மீதி 39 லிட்டரும் ஆவியாகிப் போக வேண்டும். ஐஸ் குளிர்ச்சியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு சூடு வேண்டுமோ, அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் வேண்டும், அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க. பெரிய சாம்பார் அண்டாவில் ஊற்றி அடுப்பில் வைத்தவர்கள் நள்ளிரவு வரை உட்கார்ந்திருப்பது இதனால்தான். அண்டா ஆழம், வாய் குறுகல். நமக்கு வேண்டியது அகலமான, ஆழமில்லாத பாத்திரம். அதன் அடி முழுக்கத் தீ நக்க வேண்டும். வீட்டுக்குள் காய்ச்சலாமா என்று கேட்டால், வேண்டவே வேண்டாம். அத்தனை நீராவியும் சுவரில்தான் போய்ப் படியும், வால்பேப்பர் உரிந்து வரும்.

பாத்திரத்துக்கு, பஃபே விருந்துகளில் சாப்பாட்டைச் சூடாக வைக்கும் செவ்வக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிரே போதும். 12க்கு 20 அங்குலம், 4 அங்குல ஆழம் உள்ளதாக மூன்று வாங்குங்கள். உணவகச் சாமான் விற்கும் கடைகளில் பழையதும் கிடைக்கும். துத்தநாக முலாம் பூசியது, ஈயப் பற்று வைத்தது எதுவும் வேண்டாம். அந்தக் காலத்துச் சாற்று வாளிகள் பலவும் அப்படிப்பட்டவைதான். பார்க்க அழகாகத்தான் இருக்கும், சுவரில் மாட்டிக்கொள்ளலாம். மூன்று டிரேயும் சேர்ந்தால் 5 சதுர அடி வரும். தீ நன்றாகப் பிடித்தால் மணிக்குச் சுமார் 15 லிட்டர் ஆவியாகும். மோசமாகக் கட்டினால் அதில் பாதிகூட வராது. எல்லாமே அடுப்பின் கையில்தான் இருக்கிறது.

அடுப்புக்குச் சாந்து வேண்டாம், பிளாக்கை அப்படியே அடுக்குங்கள். இரண்டு பக்கச் சுவர், மூன்று வரிசை உயரம். உள் அகலம் டிரேயின் நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். அப்போதுதான் டிரேயின் விளிம்பு சுவரில் உட்காரும். மூன்றையும் குறுக்காகப் பக்கம் பக்கமாக வைத்தால் அடுப்பு மூன்று அடி நீளம் வரும். முன்பக்கம் ஒரு அடிதான் தீ எரியும் இடம். அங்கே தரையிலிருந்து அரை அடி உயரத்தில் கனமான இரும்புக் கம்பித் தட்டு போடுங்கள், அடியிலிருந்து காற்று வர வேண்டும். பின்பக்கத்தை அப்படியே காலியாக விட்டுவிடுவதுதான் பலரும் செய்வது. விட்டால் தீ தரையோடு ஓடிப் புகைபோக்கிக்குள் போய்விடும், பின் டிரே வெதுவெதுப்பாகவே கிடக்கும். அந்த இடத்தை உடைந்த பிளாக்கும் மணலும் போட்டுச் சரிவாக மேலே ஏற்றி நிரப்புங்கள். பின் டிரேக்கு அடியில் இரண்டு மூன்று அங்குல இடைவெளி இருந்தால் போதும். அப்போது தீக்கு வேறு வழியில்லை, டிரேயின் அடியை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். கடைசியில் 6 அங்குலப் புகைபோக்கி. உயரம் கூடக்கூட இழுப்பு கூடும். டிரேக்களுக்கு இடையில் உள்ள சந்துகளைச் சூடு தாங்கும் செராமிக் கம்பளித் துண்டு வைத்து அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் சிரப்பில் புகை வாடை ஏறும்.

தீ எரியும் இடத்தில் உள்பக்கம் ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) வைத்தால் நல்லது. வைத்தாலும் ஒன்றிரண்டு பருவத்தில் பிளாக் விரிசல் விடும். மாற்றிக்கொள்ள வேண்டியதுதான், ஒரு பிளாக் சில டாலர்தானே.

தரையைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். மார்ச் ஆரம்பத்தில் உறைந்த மண் கல் மாதிரி இருக்கும். அடுப்புச் சூட்டிலும் வெயிலிலும் அது இளகிச் சேறாகும், அடுப்பு ஒரு பக்கமாகச் சாயும். டிரேயில் சாறு ஒன்றரை அங்குலம்தான் நிற்கிறது. கொஞ்சம் சாய்ந்தாலே ஒரு மூலை காய்ந்து, கரிய ஆரம்பிக்கும். கருகல் வாடை மொத்தச் சாற்றுக்கும் ஏறிவிடும். ஆகவே ஜல்லி கொட்டி, அதன்மேல் நடைபாதைக் கல் பரப்பி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு அடுக்குங்கள்.

விறகு நன்றாகக் காய்ந்ததாக, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்ததாக இருக்கட்டும். பெரிய கட்டை மெதுவாக எரிந்து கனலாகும், நமக்கு வேண்டியது சுவாலை. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பெயின்ட் அடித்த பலகை, மருந்து ஏற்றிய மரம் கூடாது.

குளிர்ந்த சாற்றை மொத்தமாக ஊற்றினால் கொதி நின்றுபோகும். பின் டிரேயில் ஊற்றிச் சூடாக்கி, அங்கிருந்து அகப்பையால் நடுவுக்கு, நடுவிலிருந்து முன்னுக்கு என்று தள்ளிக்கொண்டே வாருங்கள். நுரை பால் பொங்குவதைப் போலத் திடீரென்று விளிம்பைத் தொடும். நகக்கண் அளவு வெண்ணெய் போட்டால் அந்த நொடியே அடங்கிவிடும். முன்பெல்லாம் பன்றிக் கொழுப்புத் துண்டு ஒன்றை டிரேக்கு மேலே தொங்கவிடுவார்களாம். சைவக்காரர்கள் சிரப் வாங்கும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

சாற்று வாளியில் இரவில் ஐஸ் கட்டியிருந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள். ஐஸாக உறைவது பெரும்பாலும் வெறும் தண்ணீர், சர்க்கரை கீழே தங்கிவிடும். அத்தனை விறகு மிச்சம்.

முன் டிரேயில் இருப்பது பொன்னிறமாகிக் கெட்டிப்படத் தொடங்கியதும் இறக்கி, வீட்டுக்குள் சின்னப் பாத்திரத்தில் முடியுங்கள். விறகுத் தீயில் கடைசிப் பதம் பார்ப்பது ஆபத்து, இரண்டு நிமிடத்தில் தீய்ந்துவிடும். அன்றைக்கு உங்கள் வீட்டில் தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்று தெர்மாமீட்டரில் பார்த்து, அதற்கு மேல் 4 டிகிரி செல்சியஸ் ஏறியதும் அடுப்பை அணையுங்கள். கம்பிப்பதம் பார்த்துப் பழகியவர்கள் இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று நிற்பார்கள். போனால் பாட்டிலின் அடியில் கற்கண்டு கட்டும். குறைவாக விட்டாலோ பூசணம் பிடிக்கும். சூடாக இருக்கும்போதே கம்பளி வடிகட்டியில் ஊற்றினால், அடியில் படியும் சாம்பல் நிறத் தாது மண் நின்றுவிடும். 82 டிகிரிக்குக் குறையாமல் பாட்டிலில் அடைத்து மூடுங்கள்.

கட்டுவதற்கு முன் நகராட்சியின் தீ விதியைக் கேட்டுவிடுங்கள். டொராண்டோ நகர எல்லைக்குள் கொல்லையில் விறகு எரிக்க அனுமதி கிடையாது. அங்கே இருப்பவர்கள் இதே டிரேயைப் புரொப்பேன் கேஸ் அடுப்பில் வைத்துக் காய்ச்சலாம். ஆனால் கேஸ் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். விறகு சும்மா கிடைக்கிறவர்களுக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

மரத்தில் மொட்டு விரிய ஆரம்பித்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதன்பின் வரும் சாற்றின் சுவை நன்றாக இருக்காது. டிரேயின் அடியில் கெட்டியாக ஒட்டிய படிவுக்கு வெந்நீரும் வெள்ளை வினிகரும் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும். கம்பி வைத்துத் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்தால் அடுத்த வருடம் அங்கேதான் அடிப்பிடிக்கும்.