அறும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: வெள்ளைக்காரர்களின் மலைநாட்டு வாத்தியமான பாஞ்சோவை ஆறு மாதமாகத் தினமும் வாசித்துப் பழகுகிறேன். ஐந்து தந்திகளில் ஒன்றுகூட அறவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார் என் ஆசிரியர். அறுவதற்கு முன்பே எதற்கு மாற்ற வேண்டும்?
— ஒரு வாசகர், ஷார்லட், வட கரோலினா

பதில்: தந்தி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். ‘வெள்ளைக்காரர்களின்’ என்று எழுதிவிட்டீர்களே, அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. இதைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் மறுத்துக் கடிதம் வரும். வரட்டும்.

பாஞ்சோவின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. காம்பியா, செனகல் பக்கத்து ஜோலா மக்கள் இன்றும் அகோன்டிங் வாசிக்கிறார்கள். தோல் போர்த்திய சுரைக்குடுக்கை, நீண்ட காம்பு, மூன்று தந்தி. அதில் ஒன்று குட்டை, கட்டைவிரலுக்கானது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் இப்படிப்பட்ட வாத்தியங்களை நினைவில் வைத்திருந்து கரீபியன் தீவுகளிலும் அமெரிக்கத் தோட்டங்களிலும் மறுபடி செய்துகொண்டார்கள். அதுதான் பாஞ்சோ ஆனது.

பாஞ்சோவிலும் இருக்கும் அந்தக் குட்டைத் தந்தியைக் கண்டுபிடித்தவர் வர்ஜீனியாக்காரரான ஜோயல் ஸ்வீனி என்று இன்னமும் எனக்கு எழுதுகிறவர்கள் உண்டு. 1785–90 வாக்கில் தென் கரோலினாவில் வரையப்பட்ட ஓர் ஓவியத்தில், தோட்டத்து அடிமைகள் ஆடிக்கொண்டிருக்க, ஒருவர் சுரைக்குடுக்கை பாஞ்சோ வாசிக்கிறார். குட்டைத் தந்தி அதில் தெளிவாகவே தெரிகிறது. ஸ்வீனி பிறந்ததோ 1810 வாக்கில்! கறுப்பர்களிடம் கற்றுக்கொண்டு, கறுப்பர் வேஷத்துக்காக முகத்தில் கரி பூசி மேடையேறிப் பெயர் வாங்கியவர் அவர். கற்றுக்கொடுத்தவர்களின் பெயர்கள்தான் நமக்குக் கிடைக்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

உங்கள் மாநிலத்திலேயே, பூன் நகரில், 2005 ஏப்ரலில் கறுப்பினப் பாஞ்சோ கலைஞர்களும் ஆர்வலர்களும் கூடினார்கள். அங்கே சந்தித்த இளைஞர்கள் ஜோ தாம்ப்ஸன் என்ற கறுப்பினப் பிடில் பெரியவரின் வீட்டுக்குப் போய்ப் பாடம் கேட்டு, கரோலினா சாக்லேட் ட்ராப்ஸ் என்ற குழுவாகி, கிராமி விருதும் வாங்கினார்கள். ரியான்னன் கிடன்ஸ் அந்தக் குழுவிலிருந்து வந்தவர்தான். அவர் வாசிப்பைக் கேளுங்கள்.

வெள்ளைக்காரர் யாரும் எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்றால் எனக்கு உயிர். உங்கள் ஊருக்கு மேற்கே, ஷெல்பி பக்கம் பிறந்தவர். 1945 கடைசியில் மாண்டலின் கலைஞர் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்து, மூன்று விரலில் அவர் வாசித்த வேகம் இந்த வாத்தியத்தின் தலையெழுத்தையே மாற்றியது. பழைய பாஞ்சோவில் இருந்தது விலங்குக் குடலில் திரித்த தந்தி. ஸ்க்ரக்ஸின் கணீர் ஒலி எஃகுத் தந்தியில், விரலில் மாட்டிய உலோக நகத்தால் பிறப்பது.

அந்தக் கணீர் போனதுமே தந்தியின் ஆயுள் முடிந்தது; அறும்வரை காத்திருப்பது தப்பு. விரல் வியர்வையில் எஃகு துருப்பிடிக்கும். நான்காவது தந்தி கம்பி சுற்றியது. சுற்றின் இடுக்கில் அழுக்கேறி முதலில் மந்தமாவது அதுதான். காம்பில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளில் பட்டுப்பட்டு அடிப்பக்கம் பள்ளம் விழும். தந்திக்கு அடியில் விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர்மேலே தந்தியை லேசாகத் தொட்டு ஒரு தடவை மீட்டுங்கள். அங்கேயே அழுத்தி இன்னொரு தடவை மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியாக இருக்க வேண்டும். ஒரு தந்தி மட்டும் பிசகினால் பெரும்பாலும் தேய்ந்தது அந்தத் தந்தி. எல்லாமே பிசகினால் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் சின்னக் கட்டை, நகர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஆறு மாதத் தினசரி வாசிப்புக்கு ஐந்தையுமே மாற்றலாம், உங்கள் ஆசிரியர் சொன்னது சரி. ஆனால் ஐந்தையும் ஒரேயடியாகக் கழற்றிவிடாதீர்கள். பாஞ்சோவில் குதிரையை ஒட்டுவதில்லை; தந்திகளின் அழுத்தத்தில்தான் அது தோல்மேல் நிற்கிறது. முதலில் குதிரையின் கால் இருக்கும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றைக் கழற்றி, புதிதைப் பூட்டி, சுருதி ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். புதுத் தந்தி கொஞ்ச நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். இழுபட்டுப் படியும்வரை அப்படித்தான். முறுக்காணியைக் குறை சொல்லாதீர்கள்.