கணக்கு வாத்தியார் பதில்கள்

கேள்வி: இரண்டு சமன்பாடுகளைக் கொடுத்தால் என் மகள் மளமளவென்று தீர்த்துவிடுகிறாள். அதையே வாக்கியக் கணக்காகக் கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: தயவுசெய்து நீக்கல் முறையில் (ஒரு சமன்பாட்டிலிருந்து இன்னொன்றைக் கழித்து, தெரியாத எண்களில் ஒன்றை, அதாவது ஒரு மாறியை, நீக்குவது) இன்னும் ஐம்பது கணக்கு போடச் சொல்லாதீர்கள். அதுதான் அவளுக்கு வருகிறதே! முதலில் விடையை ஊகிக்கச் சொல்லுங்கள். ஊகம் தப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

‘ஐந்து ஆண்டுகளுக்கு முன் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 7 மடங்கு, ஐந்து ஆண்டுகள் கழித்து 3 மடங்கு. இப்போதைய வயது என்ன?’ தந்தைக்கு 45, மகனுக்கு 12 என்று சும்மா வைத்துக்கொள்ளட்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் 40, 7. ஏழேழு நாற்பத்தொன்பது, 40 வரவில்லை. சரி, ஊகம் தப்பு. ஆனால் சோதிக்கும்போது என்ன செய்தாள்? இரண்டிலும் ஐந்தைக் கழித்தாள், மகனுடையதை ஏழால் பெருக்கினாள், தந்தையுடையதோடு ஒப்பிட்டாள். இப்போது 45 இருந்த இடத்தில் எக்ஸ், 12 இருந்த இடத்தில் ஒய் போடச் சொல்லுங்கள்: எக்ஸ் − 5 = 7(ஒய் − 5). அடுத்த வாக்கியத்துக்கும் அப்படியே: எக்ஸ் + 5 = 3(ஒய் + 5). அப்புறம் அவள் பாடு. 40, 10 என்று வந்துவிடும்.

நான் திருத்திய விடைத்தாள்களில் ஓயாமல் பார்த்த பிழை, 7-ஐத் தந்தை பக்கம் போட்டுப் பெருக்குவது. பெரிய ஆள் பக்கம் பெரிய எண்ணை வைக்கத்தான் கை போகும். எண்களை வைத்துப் பார்த்தவர்கள் 40-ஐ ஏழால் பெருக்க மாட்டார்கள். இன்னொன்று: ‘எக்ஸ் = அப்பா’ என்று எழுத விடாதீர்கள், ‘அப்பாவின் இப்போதைய வயது’ என்று முழுதாக எழுதட்டும். சரிபார்க்கும்போது விடையைக் கேள்வியின் வாக்கியங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். சமன்பாட்டையே தப்பாக எழுதியிருந்தால், அதில் போட்டுப் பார்த்து என்ன பயன்?

கேள்வி: நீக்கல் முறையைக் கண்டுபிடித்தவர் காஸ்தானா?

பதில்: இல்லை. ஜெர்மானியக் கணித மேதையான காஸ் பிறந்தது 1777-இல். அதற்கு 1,500 ஆண்டுகளுக்கும் முன்பே, சீனாவின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற கணித நூலின் எட்டாம் அத்தியாயத்தில் இதே முறை இருக்கிறது. அங்கே எக்ஸும் கிடையாது, ஒய்யும் கிடையாது. எண்ணுகுச்சிகளை நிரல் நிரலாக அடுக்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார்கள். முதல் கணக்கிலேயே மூன்று மாறிகள்!