20ஆம் லெவல் வீரனுக்கு எத்தனை புத்தகம்?

கேள்வி (பூச்சோங் வாசகர்): வணக்கம் அக்கா. நானும் நண்பர்கள் நாலு பேரும் சனிக்கிழமை இரவுகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம், பகடை உருட்டி ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் மேசை விளையாட்டு. அடுத்த மாதம் ஒரே இரவில் முடியும் ஆட்டம் ஒன்று. எல்லாரும் நேராக 20ஆம் லெவலில் தொடங்கலாம் என்று டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) சொல்லிவிட்டார். ஃபைட்டர் 5, பாலடின் 5, வார்லாக் 5, விசர்ட் 5 என்று நான்கு கிளாஸையும் (கேரக்டரின் தொழில்வகை) கலந்து ஓர் அசுரனை உருவாக்க நினைக்கிறேன். அதற்காக நான்கு புத்தகங்களை இணையக் கடையில் கூடைக்குள் போட்டு வைத்திருக்கிறேன், ஏறக்குறைய 800 வெள்ளி. அதே புத்தகங்களைப் பாதி விலைக்குக் கீழே விற்கிறவரும் இருக்கிறார். எங்கே வாங்கலாம்?

பதில்: கூடை அப்படியே கிடக்கட்டும் தம்பி. முதலில் டிஎம்மிடம் ஒன்று கேளுங்கள்: 2014 விதியா, 2024 விதியா? இரண்டுக்கும் புத்தகத்தின் பெயர் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்தான், அட்டைப் படம்தான் வேறு. விற்பவர்களில் சிலர் வருடத்தைப் போடுவதே இல்லை.

மாற்றி வாங்கினால் என்ன ஆகும்? ஃபைட்டருக்கு இரண்டாம் லெவலில் ஆக்‌ஷன் சர்ஜ் கிடைக்கும். ஒரே முறையில் இன்னொரு செயலையும் செய்துகொள்ளலாம். 2014 விதியில் அதை வைத்து ஒரே மூச்சில் இரண்டு பெரிய மந்திரங்களை வீசலாம். விசர்டோடு ஃபைட்டரைச் சேர்த்தவர்கள் பலரும் இதற்காகத்தான் சேர்த்தார்கள். 2024இல் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். கூடுதலாகக் கிடைக்கும் செயலில் மந்திரம் போட முடியாது. ஒரு கேரக்டரின் உயிர்நாடியே போய்விடுகிறது, பார்த்தீர்களா?

சரி, இப்போது உங்கள் அசுரன். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஐந்தாம் லெவல் ஆட்கள் நாலு பேரை ஒரே சட்டைக்குள் திணித்திருக்கிறீர்கள். ஃபைட்டர் ஐந்தாம் லெவலில் எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரே செயலில் இரண்டாவது அடி) தருகிறான், பாலடினும் ஐந்தில் அதையே தருகிறான். இரண்டும் ஒன்றோடொன்று சேராது. ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு கட்டிவிட்டீர்கள். முழுக்க ஃபைட்டராகவே 20க்குப் போனவன் ஒரு செயலில் நாலு அடி அடிப்பான், உங்கள் ஆள் இரண்டோடு நிற்பான்.

மந்திரக் கணக்கு இதைவிட மோசம். மந்திரம் போடும்போது செலவாகும் மந்திர இடங்களுக்கு விசர்டின் ஐந்து லெவல் முழுதாகச் சேரும், பாலடினுடையது பாதிதான் சேரும் (2014இல் கீழே முழுமையாக்கி 2, 2024இல் மேலே முழுமையாக்கி 3). வார்லாக்கின் இடங்கள் தனிக் கணக்கு. மொத்தத்தில் நான்காம் நிலை இடம் கைக்கு வந்துவிடும். ஆனால் விசர்ட் ஐந்தில் கற்றது மூன்றாம் நிலை மந்திரம் வரைதான். பெரிய பாத்திரம் இருக்கிறது, அதில் சமைக்க அரிசி இல்லை. உங்களுடைய ஆகப் பெரிய வெடி ஃபயர்பால்: மூன்றாம் நிலை இடத்தில் போட்டால் ஆறுமுகப் பகடை எட்டு, சராசரி 28. 2014 விதிப்படி முதிய வெள்ளை டிராகனின் உயிர்ப்புள்ளி 333. அது ஒரு தடவைகூட விலகிக்கொள்ளாமல் வாங்கிக்கொண்டாலும் பன்னிரண்டு ஃபயர்பால் வேண்டும். அதே மேசையில் தனி விசர்டாக உட்கார்ந்திருப்பவருக்கு 17ஆம் லெவலிலேயே ஒன்பதாம் நிலை மந்திரம் திறந்துவிடும். மீட்டியோர் ஸ்வார்ம் ஒன்றுக்கே பகடை நாற்பது, சராசரி 140. விஷ் மந்திரமும் அங்கேதான் இருக்கிறது.

கிளாஸ்களைக் கலந்தாலும் குறையாத சில உண்டு. தேர்ச்சிப் புள்ளி மொத்த லெவலைப் பார்த்து ஏறும், 17இல் +6 வந்துவிடும். கேண்ட்ரிப் என்ற சில்லறை மந்திரங்களின் அடியும் மொத்த லெவலைப் பார்த்துத்தான் ஏறும். மற்றதெல்லாம் அந்தந்த கிளாஸின் லெவல் கணக்கு. பண்பு மதிப்பை உயர்த்திக்கொள்ளும் வாய்ப்புகூட கிளாஸின் 4, 8, 12 என்றுதான் வரும். உங்களுக்கு ஆளுக்கு ஒன்றாக நாலு. தனி ஃபைட்டருக்கு 2014 விதியில் ஏழு. நுழைவுக் கட்டணமும் இருக்கிறது: பாலடினுக்கு வலிமை, கவர்ச்சி இரண்டும் 13, வார்லாக்குக்குக் கவர்ச்சி 13, விசர்டுக்கு அறிவு 13. 27 புள்ளிகளில் பண்புகளை வாங்கும் முறை என்றால், மூன்று பதின்மூன்றுக்கே 15 புள்ளி கரைந்துவிடும்.

நானாக இருந்தால் 2014 மேசையில் ஃபைட்டர் 2, விசர்ட் 18. வரிசைதான் முக்கியம்: முதல் லெவல் ஃபைட்டராக இருக்கட்டும். அப்போதுதான் கனமான கவசம் போடும் தகுதியும், அடி வாங்கினாலும் மந்திரத்தை விடாமல் பிடித்துக்கொள்ள உதவும் உடலுறுதித் தேர்ச்சியும் கிடைக்கும். விசர்டாகத் தொடங்கிப் பிறகு ஃபைட்டருக்குப் போனால் இரண்டும் கிடைக்காது. விசர்ட் 18இல் சின்ன மந்திரங்கள் இரண்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். இழப்பது விசர்டின் 19, 20இல் வருபவை மட்டும். 2024 மேசை என்றால் ஃபைட்டர் ஒன்றே போதும். விசர்ட் 19இல் எபிக் பூன் என்ற உச்சக்கட்ட வரம் வருகிறது, அதை விடக் கூடாது. இதையே முதல் லெவலிலிருந்து மாதக்கணக்கில் ஆடும் ஆட்டத்துக்குச் சொல்ல மாட்டேன். ஃபைட்டரில் இரண்டு லெவல் போட்டால் ஃபயர்பால் ஐந்துக்குப் பதில் ஏழாம் லெவலில்தான் வரும், அதுவரை நண்பர்கள் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். உங்களுடையது நேராக 20இல் தொடங்கும் ஒரே இரவு, அந்தக் கவலை இல்லை.

இத்தனைக்கும் ஆகும் செலவு? ஒரு சென்கூட இல்லை. விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமே எஸ்ஆர்டி என்ற விதித் தொகுப்பை இலவசமாகத் தருகிறது. 2014 விதிகளுக்கு 5.1, அது 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு வந்தது. 2024 விதிகளுக்கு 5.2, 2025 ஏப்ரலில். பன்னிரண்டு கிளாஸ், ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்பிரிவு, கிளாஸ்களைக் கலக்கும் மல்ட்டிகிளாஸ் விதி, நான் மேலே சொன்ன மந்திரங்கள் எல்லாம் அதில் உண்டு. ஆட்டம் முடிந்த பிறகும் ஆசை இருந்தால், சரியான வருடத்து பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஒன்று மட்டும் வாங்குங்கள். அமெரிக்காவில் அச்சிட்ட விலை 49.99 டாலர், அதாவது இங்கே 200 வெள்ளியை ஒட்டி.

அந்தப் பாதி விலைக்காரரைப் பற்றி என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நானும் இணையத்தில் ஒருவரிடம் 70 வெள்ளிக்கு வாங்கினேன். பார்சலைப் பிரித்ததுமே பசை வாடை. அட்டை நன்றாகப் பளபளத்தது, உள்ளே படங்கள் எல்லாம் மழையில் நனைந்து காய்ந்த மாதிரி. பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரிக்கை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் புத்தகத்தை விரித்தேன். முதுகில் 'சட்'டென்று ஒரு சத்தம், ஆறாம் அத்தியாயம் கொத்தாகக் கழன்று மேசையில் விழுந்தது. 2014 புத்தகத்தில் ஆறாம் அத்தியாயம் எது தெரியுமா? மல்ட்டிகிளாஸ். அசல் புத்தகத்தில் தாள்களைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். என்னுடையதில் பசை மட்டும்தான். விற்பனைப் பக்கத்தில் 'ஒரிஜினல்' என்றுதான் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்ததால் காசு திரும்பி வந்தது. படம் இல்லாமல் போயிருந்தால் என் வாய்ச்சொல்லை யார் கேட்பார்?

விற்பவர் மலேசியாவில் இருந்து, மசியவில்லை என்றால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். 70 வெள்ளிக்கு யார் போவார் என்று கேட்காதீர்கள், போகிறவர்கள் போகிறார்கள்.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகர்): எங்கள் மேசையில் இன்னும் பழைய 3.5 விதிதான். 30ஆம் லெவல் வரை போகத் திட்டம். 2002இல் வந்த எபிக் லெவல் ஹேண்ட்புக் பழைய பிரதி ஒன்று 350 வெள்ளிக்குக் கிடைக்கிறது. வாங்கட்டுமா?

பதில்: அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கு என்றால் விலை உங்களுக்கும் உங்கள் பர்ஸுக்கும் இடையில் உள்ள விஷயம். விதிக்காக மட்டும் என்றால் வேண்டாம் ஐயா, 3.5இன் இலவச எஸ்ஆர்டியிலேயே 20க்கு மேற்பட்ட எபிக் விதிகள் இருக்கின்றன.

மிச்சமாகும் 350 வெள்ளிக்கு ஈடாக ஒரு கணக்கு சொல்லித் தருகிறேன். அந்த விதியில் எத்தனை அடி அடிக்கலாம் என்பது 20ஆம் லெவலில் உங்கள் அடிப்படைத் தாக்குதல் எண் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. அதற்குமேல் எண் ஏறும், அடிகளின் எண்ணிக்கை ஏறாது. ஃபைட்டர் 16, விசர்ட் 14 ஆக 30இல் முடிக்கிற இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் முதலில் ஃபைட்டர் 16, பிறகு விசர்ட் 4 என்று 20ஐத் தொட்டார்: ஃபைட்டரின் 16ம் விசர்டின் நாலில் பாதி 2ம் சேர்ந்து 18, நாலு அடி. மற்றவர் விசர்ட் 14ஐ முடித்துவிட்டு ஃபைட்டர் 6 எடுத்தார்: 7ம் 6ம் 13, மூன்று அடி. முப்பதாம் லெவலில் இருவர் தாளிலும் கிளாஸ் ஒன்றேதான், ஆனால் பின்னவருக்கு அந்த நாலாவது அடி கடைசிவரை வராது. இதற்குப் பரிகாரம் எந்தப் பழைய புத்தகக் கடையிலும் விற்பதில்லை.

கேள்வி (ஆயர் ஈத்தாம் வாசகி): இந்த விளையாட்டின் அதிகாரபூர்வ இணையத் தளமான டி அண்ட் டி பியாண்டில் எனக்கு ஒரு கிளாஸின் உட்பிரிவு மட்டும்தான் வேண்டும். முழுப் புத்தகத்தையும் வாங்கச் சொல்கிறதே?

பதில்: முன்பு தனித்தனியாக வாங்கலாம், 2024இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அங்கே வாங்குவது அந்தத் தளத்தில் படித்துப் பயன்படுத்தும் அனுமதி. தாள் புத்தகம்போல படித்து முடித்து இன்னொருவருக்கு விற்க முடியாது. இலவசக் கணக்கில் ஆறு கேரக்டர் வரை வைத்துக்கொள்ளலாம். கணக்குப் போட்டுப் பார்க்க அதுவே தாராளம். உங்கள் மேசையில் யாராவது ஏற்கெனவே வாங்கி, பகிரும் சந்தாவும் கட்டுகிறாரா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி (செந்தூல் வாசகர்): வெளிநாட்டுக் கடையில் உலோகத்தில் 20 முகப் பகடை ஒன்று வாங்கினேன். விலைக்கு மேல் 10 விழுக்காடு வரி போட்டார்கள். வந்த பகடையிலும் எண்கள் வரிசையாக இருக்கின்றன. ஏமாந்துவிட்டேனா?

பதில்: வரியில் ஏமாற்றம் இல்லை. 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பகடைதான் கோளாறு. 20ஐ மேலே வைத்துச் சுற்றி ஒட்டியிருக்கும் மூன்று முகங்களையும் பாருங்கள். 2, 8, 14 என்று இருந்தால் வழக்கமான ஆட்டப் பகடை. 19 பக்கத்திலேயே இருந்தால் அது சீட்டாட்டத்தில் உயிர்ப்புள்ளியை ஒவ்வொன்றாகக் குறைத்து எண்ணுவதற்குச் செய்தது. பெரிய எண்கள் ஒரே பக்கமாகக் கூடியிருப்பதால் உருட்டும் மேசையில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விற்பனைப் பக்கத்தில் இருந்த படத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். படத்தில் 20க்குப் பக்கத்தில் 8 தெரிந்தால், உங்கள் கையில் இருக்கும் பகடையையும் அதே கோணத்தில் படம் பிடித்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இரண்டையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.